சர்க்கரை புரதத்தில் ஒட்டினால் இதயத்துக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். சனிக்கிழமை காலையில் ரோஸ் ஹில் பக்கம் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், வகுப்பு முடியும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போனால் யாராவது ஒருவர் கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்தக் காகிதம் இல்லாத வீடு அபூர்வம்.

கேட்கும் ஆள்தான் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

"அக்கா, சர்க்கரை ரத்தத்துல கரைஞ்சுதானே இருக்கு? அது எப்படி புரதத்துல போய் ஒட்டும்?"

தவாவில் ஃபராட்டா போட்டால் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடித்தான் அந்த நிறமும் மணமும் வருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912-ல் இதை விவரித்தார். நம் உடம்பின் சூடு 37 டிகிரிதான், ஆனால் அங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை. தவாவில் இரண்டு நிமிடத்தில் நடப்பதற்கு உறவான ஒன்று உடம்புக்குள் வாரக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிறது.

இதற்கு என்சைம் எதுவும் வேண்டாம். குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாக மூடிக்கொண்டு இருக்கும். திறந்திருக்கும் மிகச் சிறிய பங்குதான் புரதத்தின் அமினோ முனையைப் பிடிக்கிறது. முதல் பிடி தளர்வானது, விட்டுப்போகவும் செய்யும். அப்புறம் உள்ளுக்குள் மாறி உட்கார்ந்து உறுதியாகிவிடும். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை, எத்தனை நாள் அப்படி இருந்தது, அந்தப் புரதத்தின் ஆயுள் எவ்வளவு, இந்த மூன்றையும் வைத்துத்தான் எவ்வளவு ஒட்டும் என்பது அமைகிறது. டாக்டர்கள் கிளைக்கேஷன் என்பது இதைத்தான். நான் சர்க்கரை ஒட்டுதல் என்றே எழுதுகிறேன்.

"ஏ1சினு எழுதிக் கொடுக்குறாங்களே, அது எதை அளக்குது?"

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்த நாட்கள் முழுவதும் சர்க்கரையில் மிதந்ததற்கான தழும்பு அதன் மேல் இருக்கும். ரிப்போர்ட்டில் தெரியும் எண்ணில் பாதிக்குக் காரணம் கடைசி ஒரு மாதம். அதனால் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடப்பதால் எந்த மாற்றமும் வராது. 1968-ல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வேறுபட்ட ஹீமோகுளோபினைக் கவனித்தார். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் டெஸ்டின் தொடக்கம் அதுதான்.

கணக்கு இப்படி: ஏ1சி 6 என்றால் சராசரி சர்க்கரை 7 மில்லிமோல், இந்திய அளவில் 126 மில்லிகிராம். 7 என்றால் 8.6, அதாவது 154. 8 என்றால் 10.2, அதாவது 183. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள், வேறு அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு.

"காலையில வெறும் வயித்துல நார்மல். ஏ1சி மட்டும் 8. ரெண்டுல எது பொய்?"

பெரும்பாலும் இரண்டும் உண்மைதான். காலை ஏழு மணிக்கு எடுத்தது அந்த ஒரு நிமிடத்தின் படம். மத்தியானம் தால் பூரி, நாலு மணிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட வனிலா டீ, அதற்கப்புறம் ஏறி இறங்கியதெல்லாம் ஏ1சியில்தான் பதிவாகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

சில சமயம் ஏ1சியே தப்பாக வரும், இதை நான் கூடத்தில் அடிக்கடி பார்க்கிறேன். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் அதிக நாள் சுற்றும், எண் உயர்ந்து காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ, கர்ப்பத்தின்போதோ குறைந்து காட்டலாம். தலசீமியா, முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஃப்ரக்டோசமின் என்ற வேறு டெஸ்ட் இருக்கிறது. அது ஆல்புமின் முதலிய ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்த்து, கடைசி இரண்டு மூன்று வார நிலவரத்தைச் சொல்லும்.

"ரத்த அணு நாலு மாசத்துல செத்துடுது. அதுல ஒட்டின சர்க்கரையும் போயிடும்ல? அப்புறம் ஏன் பயப்படணும்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹீமோகுளோபினில் ஒட்டியது போய்விடும், உண்மை. அது நாம் அளக்க வசதியான இடம், அவ்வளவுதான். சேதம் நடக்கும் இடம் வேறு.

போன தைப்பூசத்தன்று காவடிகள் வந்துகொண்டிருந்தபோது என் அத்தை பக்கத்தில் நின்று கும்பிட்டார். அவருக்குச் சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருடம். விரல் நுனிகள் தொட்டன, உள்ளங்கையின் அடி தொட்டது, நடுவில் விரல் மூட்டுகள் இருக்கும் இடத்தில் ஒரு சாமந்திப் பூ நுழையும் அளவுக்கு இடைவெளி. அழுத்திப் பார்த்தார், சேரவில்லை. விரலின் மேல்தோல் தடித்து, மெழுகு தடவியதுபோல் மினுமினுப்பாக இருந்தது. "வயசாச்சும்மா" என்றார். வயது மட்டும் காரணமில்லை. மருத்துவத்தில் இந்த நிலைக்குக் கும்பிடும் கை என்றே பொருள்படும் பெயர் இருக்கிறது. தோலிலும் மூட்டைச் சுற்றியும் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தில் வருடக்கணக்காகச் சர்க்கரை ஒட்டி, நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துவிட்டதன் அடையாளம் அது.

தோலின் கொலாஜனில் பாதி மாற ஏறக்குறைய 15 வருடம் ஆகும். குருத்தெலும்பில் இருப்பது நூறு வருடத்துக்கும் மேல். ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் எலாஸ்டின் என்ற இழுபடும் நாரைக் குழந்தைப் பருவத்தில் போட்டதோடு சரி, அப்புறம் உடம்பு பெரிதாகப் புதுப்பிப்பதே இல்லை. நாலு மாதத்தில் சாகும் அணுவில் ஒட்டுவதும், நாற்பது வருடம் வாழும் நாரில் ஒட்டுவதும் ஒன்றாகுமா? முதலில் ஒட்டிய சர்க்கரை காலப்போக்கில் உடைந்து, சேர்ந்து, முற்றிய பொருளாகிறது. ஏஜிஇ என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். அதில் ஒரு வகை பக்கத்துப் பக்கத்து நார்களைத் தையல் போட்டதுபோல் பிணைக்கும். கொலாஜனில் அதிகம் காணப்படும் அந்தத் தையலின் பெயர் குளுக்கோஸ்பேன். அத்தையின் விரலில் கண்ணுக்குத் தெரிந்தது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான அவருடைய மகாதமனியிலும் இதயத் தசைக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

"குழாய் விறைச்சா என்ன? ரத்தம் போக வழி இருந்தா போதாதா?"

போதாது. இதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மகாதமனி கொஞ்சம் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த அடி வரும்வரை சுருங்கி முன்னே தள்ளும். விறைத்த குழாய் விரியாது. அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறும், கீழ் எண் அப்படியே நிற்கும் அல்லது இறங்கும். 165-க்கு 70 என்று எழுதிய அட்டையோடு எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள் தெரியுமா? கீழ் எண் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவார்கள். இரண்டுக்கும் இடையில் விழுந்திருக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் விறைப்பின் அடையாளம். இதயம் அதிக பலத்தோடு தள்ளவேண்டியிருக்கிறது. அதே நேரம், இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில்தான் அதன் சொந்தக் குழாய்களுக்கு ரத்தம் போகும், அந்த அழுத்தமும் குறைகிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் மெல்லிய குழாய்களை அடி நேரடியாகத் தாக்குகிறது.

இது இயந்திரக் கணக்கு. வேதியியல் கணக்கு ஒன்றும் உண்டு. குழாயின் உள்வரிச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தும். இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுவரில் சேர்ந்த ஏஜிஇ அந்த வாயுவைக் குடித்துவிடுகிறது. போதாததற்கு, ஏஜிஇயைப் பிடிப்பதற்கென்றே செல்லின் மேல் ஒரு வாங்கி (ரிசெப்டர்) இருக்கிறது, 1992-ல் அடையாளம் கண்டார்கள். அது தூண்டப்பட்டால் செல்லுக்குள் அழற்சி கிளம்பும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்ட ஆரம்பிக்கும்.

"அப்போ கொலஸ்ட்ரால் தனி விஷயமா?"

தனியாக வந்தாலும் சேர்ந்து கெடுக்கும். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளின் புரதத்தில் சர்க்கரை ஒட்டினால் ஈரல் அதைச் சரியாக அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ளாது. ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும், சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும், முந்தின பதிலில் சொன்ன அழற்சி பிடித்த சுவருக்குள் புகுந்து வெள்ளணுக்களுக்குத் தீனியாகும். கொழுப்புப் படிவு இப்படித்தான் வளர்கிறது.

நம் தீவின் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 1987-ல் நடந்தது. அதையொட்டி, பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயை அரசு சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992-ல் மறுபடி பார்த்தபோது மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. ஆனால் சர்க்கரை நோய் இறங்கவில்லை. இரண்டையும் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு நம் ஊர்க் கதையே போதும்.

"ஆஞ்சியோவுல அடைப்பு இல்லைன்னாங்க. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்குது. இதயம் நல்லாத்தான் பம்ப் பண்ணுதாம்!"

பம்ப் செய்வது பாதி வேலை. நிரம்புவது மீதிப் பாதி. இதயத் தசைக்கு நடுவிலும் கொலாஜன் வலை இருக்கிறது. அது விறைத்தால் இதயம் சுருங்கும், ஆனால் தளர்ந்து விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. உள்ளே வரவேண்டிய ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குவதால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் பம்ப் அளவு 60 சதவீதம் என்று அழகாக எழுதியிருக்கும். இதுவும் இதயச் செயலிழப்பில் ஒரு வகைதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், பருமன் மூன்றும் உள்ளவர்களிடம், அதிலும் வயதான பெண்களிடம் அதிகம்.

ஒவ்வொரு அடிக்கும் தசைச் செல்லுக்குள் கால்சியம் அதன் சேமிப்பறையிலிருந்து வெளியே வந்து திரும்ப உள்ளே போகவேண்டும். அதைக் கையாளும் புரதங்களும் சர்க்கரையின் வேதிப்பொருட்களால் மாறுவதைச் சர்க்கரை நோயுள்ள எலிகளின் இதயத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் தளர்வு இன்னும் தாமதமாகிறது. உங்கள் டாக்டரிடம் "இதயம் தளர்வது எப்படி இருக்கிறது?" என்று தனியாகக் கேளுங்கள்.

"சர்க்கரை ஒட்டினாலே கெடுதல்தானா? கூகுள்ல பார்த்தா நல்லதுன்னும் போட்டிருக்கு."

நல்லதும் உண்டு, பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. இதுவரை சொன்னது தானாக, கண்ட இடத்தில் ஒட்டுவது. உடம்பு தானே என்சைம் வைத்து, சரியான இடத்தில், சரியான சர்க்கரையைக் கோக்கும் வேலை ஒன்றும் இருக்கிறது. அது இல்லாமல் உயிரே இல்லை. ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுவதும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய பாசி போன்ற பூச்சு உண்டு, ரத்தம் சுவரில் ஒட்டாமல் காப்பது அதுதான். நம் ரத்த வகை ஏ, பி, ஓ என்பதே சர்க்கரை வித்தியாசம்தான். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் மேலும் அந்தச் சர்க்கரைகள் இருக்கின்றன. ஓ வகைக்காரர்களிடம் அந்தப் புரதம் சுமார் கால் பங்கு குறைவு, அதனால் தேவையில்லாத ரத்தக்கட்டி வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. செல்லுக்குள்ளே ஒரே ஒரு சிறு சர்க்கரையை ஒரு என்சைம் புரதத்தில் வைக்கும், இன்னொரு என்சைம் எடுக்கும், விளக்கின் சுவிட்ச் மாதிரி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெரால்ட் ஹார்ட்டின் ஆய்வகம் இதைக் கண்டது. பெயர் ஓ-குளுக்நாக். இதயத்துக்கு ரத்தம் தடைபடும் நேரத்தில் இந்தச் சுவிட்ச் கொஞ்ச நேரம் போடப்பட்டால் செல்களைக் காக்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. சர்க்கரை நோயில் அது அணையாமலே எரிகிறது. நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் என்சைமில் இது உட்கார்ந்தால் உற்பத்தி குறையும். கேம்கைனேஸ் என்ற இதயப் புரதத்தில் உட்கார்ந்தால் கால்சியம் கசிந்து துடிப்பு தாறுமாறாகலாம், இதை 2013-ல் காட்டினார்கள். ஆகவே கூகுளில் நீங்கள் படித்த இரண்டும் சரி. எந்தச் சர்க்கரை, எங்கே, எவ்வளவு நேரம் என்று சேர்த்துப் படிக்கவேண்டும்.

"நம்ம ஊரு கரும்பு ஊராச்சே. வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டு பழுப்புச் சர்க்கரை போட்டா ஒட்டாதா?"

ஒட்டும். இரண்டும் குடலில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகத்தான் உடைகின்றன. பழுப்பில் கொஞ்சம் வெல்லப்பாகு மிச்சமிருக்கும், வாசனை நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கரும்புச் சாறும் அப்படியே. ஃப்ரக்டோஸ் சோதனைக் குழாயில் குளுக்கோஸைவிட வேகமாகப் புரதத்தில் ஒட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டாம், முழுப் பழத்தில் நார் இருக்கிறது, ஃப்ரக்டோஸ் மெல்ல மெல்லத்தான் வருகிறது.

"பொரிச்சது, கருகினதுலயும் இந்த ஏஜிஇ இருக்காமே?"

இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன பழுப்பு நிறம் அதுதானே. வறுப்பதிலும் பொரிப்பதிலும் அதிகம் உண்டாகும். தண்ணீரில் வேகவைப்பதில் குறைவு, புளி, எலுமிச்சை சேர்ந்தால் இன்னும் குறைவு. சாப்பிட்டதில் சிறு பங்குதான் ரத்தத்துக்குள் வருகிறது, அதில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்கள்தான் இதில் உண்மையிலேயே கவலைப்படவேண்டும்.

வாழையிலையில் போடும் நம் ஏழுகறியில் பெரும்பாலானவை வேகவைத்துச் செய்பவை. முருங்கைக்கீரை, இங்கே ப்ரேட் முரும் என்பார்களே, அதை புயோன் என்ற தண்ணீர்ச் சூப்பாக வைத்தாலும் ரசம் வைத்தாலும் நல்லதே. காத்தோ பிமாவை, அதாவது எண்ணெயில் பொரித்த மிளகாய் வடையை, தினமும் வேண்டாம் என்று நான் சொல்வது முதலில் எண்ணெய்க்காக, ஏஜிஇ அதற்குப் பிறகுதான். சிகரெட் வேறு கணக்கு. புகையிலேயே புரதத்தோடு பிணையும் பொருட்கள் நேராக ரத்தத்துக்குப் போகின்றன.

"இப்போ கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். பழசெல்லாம் சரியாயிடுமா?"

சங்கடமான பதில்தான், நேராகச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 1441 பேரை 1983 முதல் 1993 வரை இரண்டு குழுவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவின் ஏ1சி 7 பக்கம், மற்றது 9 பக்கம். சோதனை முடிந்தபின் இரு குழுவும் 8 பக்கம் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் 2005-ல் பார்த்தபோது ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய் 42 சதவீதம் குறைவு. பழைய வருடங்களை உடம்பு நினைவில் வைத்திருந்தது. நீண்ட நாள் வாழும் நாரில் ஒட்டிய சர்க்கரை அந்த நினைவில் ஒரு பங்கு.

இரண்டாம் வகையிலும் பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வு இதையே காட்டியது. இப்போது கட்டுப்படுத்துவது புதிதாக ஒட்டுவதைக் குறைக்கும். நைட்ரிக் ஆக்சைடும் ஓ-குளுக்நாக்கும் வாரங்களில் திருந்தக்கூடியவை. கொலாஜன் தையல் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. இருபத்தெட்டு வயதில் ஏ1சி 6.1 என்று வருபவரிடம் நான் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான்.

"அப்போ 6-க்குக் கீழே இறக்கிட்டா இன்னும் நல்லதுதானே?"

எல்லோருக்கும் இல்லை. ஏற்கெனவே இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்த பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து, ஒரு குழுவை 6-க்குக் கீழே இறக்க முயன்ற அக்கார்ட் ஆய்வில், அந்தக் குழுவில் இறப்பு 22 சதவீதம் கூடியதால் 2008-ல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். வயதானவருக்குத் தாழ்சர்க்கரை மயக்கம் ஒரு நாளில் செய்யும் கெடுதலை 7.5 என்ற எண் செய்யாது. இளவயதில் புதிதாக வந்தவருக்கு இறுக்கமாக, எண்பது வயதில் தனியாக இருக்கும் அத்தைக்குக் கொஞ்சம் தளர்வாக. டாக்டர் ஆளுக்கொரு இலக்கு சொன்னால் அது பாரபட்சம் அல்ல.

"ஒட்டினதைப் பிரிக்க மாத்திரை இல்லையா?"

முயன்றார்கள். அலஜெப்ரியம் என்ற மருந்து வயதானவர்களின் குழாய் விறைப்பைக் குறைத்ததாக 2001-ல் நல்ல செய்தி வந்தது. பிறகு இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் பலன் தெரியவில்லை, பணமும் தீர்ந்து வளர்ச்சி நின்றது. நான் மேலே சொன்ன குளுக்கோஸ்பேன் தையலை அது தொடவும் இல்லை. ஏஜிஇயைக் கரைக்கும் என்று டப்பாவில் விற்கும் பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கையில் இருப்பது வேறு. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் 2015-ல் வந்த பெரிய ஆய்வில், இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதை 35 சதவீதம் குறைத்தது. ஏ1சி அதிகம் இறங்காமலே இது நடந்தது. அதனால் இந்த மருந்து வேறு வழிகளிலும் இதயத்துக்கு உதவுகிறது என்று புரிகிறது. உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

"நீங்க சொன்னப்புறம் கும்பிட்டுப் பார்த்தேன், என் கையும் சேரலை. இதயமும் போச்சா?"

அப்படி முடிவு கட்டாதீர்கள். மூட்டுவாதம், பழைய எலும்பு முறிவு, உள்ளங்கை நார் தடிப்பது என்று வேறு காரணங்களாலும் கை சேராது. முதலில் சரியாகச் செய்து பாருங்கள்: முழங்கையை இரு பக்கமும் தூக்கி, முன்கை இரண்டும் தரைக்கு இணையாக ஒரே கோட்டில் வரும்படி வைத்து, விரல்களை விரித்து அழுத்துங்கள். நெஞ்சோடு ஒட்டிக் கும்பிட்டால் தெரியாது.

அப்படியும் இடைவெளி இருந்து, சர்க்கரையும் பல வருடமாக இருந்தால், கண்ணின் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் இந்த மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். நீண்ட கால ஒட்டுதல் இருக்கும் உடம்பில் சிறு குழாய்கள் பாதிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். என் அத்தைக்கு அன்றைக்கு மறுவாரம் பார்த்தோம். விழித்திரையில் ஆரம்பக் கசிவு இருந்தது, மேல் எண் 170. லேசர் செய்து, அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றி, இப்போது 138-ல் நிற்கிறது. கையில் இடைவெளி இன்னும் இருக்கிறது.